மிச்சமாகும் கூப்பனும் அறியாதவர் பங்கும்

(திருச்சியில் நடைபெற்ற நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நோன்பு மாதம் நெருங்குகிறது. என்.எஸ்.பி. சாலையிலும் சிங்காரத்தோப்பிலும் பெரிய கடைவீதியிலும் தள்ளுபடித் தட்டிகள் ஏறிவிடும். துணி வாங்கினால் கூப்பன், மளிகை வாங்கினால் கூப்பன், கைப்பேசியைத் திறந்தால் அதிலும் கூப்பன். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

இது சிறிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் மருந்துச் செலவுக்கும் உதவி கேட்டு வருகிறவர்களோடு உட்கார்ந்து வீட்டுக் கணக்கைப் பார்க்கும்போது, பல வீடுகளில் பெருநாளைக்கு வாங்கிய கடன் இன்னும் தீராமல் நிற்பதைக் காண்கிறோம். பெருநாள் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. வாரத் தவணை முடிவதில்லை.

முதலில் கூப்பன் எதற்காக வந்தது என்று பார்ப்போம். 1880-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒரு குளிர்பான வியாபாரி, ஒரு கோப்பை இலவசம் என்று எழுதிய சீட்டுகளை ஊரெங்கும் கொடுத்தார். சீட்டோடு வந்தவர் ஒரு கோப்பை இலவசமாகக் குடித்தார். அடுத்த கோப்பைக்குக் காசு கொடுத்தார். அன்று முதல் இன்று வரை கூப்பனின் வேலை அதுதான்: நம்மை மறுபடியும் கடைக்குள் கொண்டுவருவது. அதில் தவறில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் அது தெரிந்து வாங்க வேண்டும்.

ஒரு கணக்குச் சொல்கிறோம். உங்களுக்குத் தேவையான துணி 1,400 ரூபாய்க்கு முடிந்துவிட்டது. 2,000 ரூபாய்க்கு வாங்கினால் 200 ரூபாய் கூப்பன் என்று பலகை சொல்கிறது. இன்னும் 600 ரூபாய்க்கு எடுக்கிறீர்கள். கூப்பனைத் திருப்பிப் பார்த்தால், அடுத்த முறை 1,000 ரூபாய்க்கு வாங்கினால்தான் செல்லும், அதுவும் 30 நாளுக்குள் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதையும் வாங்கினால் கழிவு போக இன்னும் 800 ரூபாய். ஆக, 1,400 ரூபாயோடு வீடு திரும்ப வேண்டியவர், 200 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 2,800 ரூபாய் செலவழித்திருக்கிறார்.

ஆகவே மூன்று வழக்கங்களைக் கைக்கொள்வோம். ஒன்று, கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பட்டியல் எழுதுவது. பட்டியலில் இருக்கும் பொருளுக்குக் கூப்பன் இருந்தால் அது லாபம். கூப்பனுக்காகப் பட்டியலில் பொருள் சேர்ந்தால் அது செலவு. இரண்டு, கடைசித் தேதியையும் குறைந்தபட்சத் தொகையையும் முதலில் படிப்பது. மூன்று, மிச்சமான காசை அன்றைக்கே தனியாக எடுத்து வைப்பது. மளிகையில் 80 ரூபாய் குறைந்தால் அந்த 80 ரூபாய் உண்டியலுக்குள் போக வேண்டும். பணப்பையிலேயே இருந்தால் மாலைக்குள் கரைந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. தபாலிலோ வாட்ஸ்அப்பிலோ சுரண்டும் பரிசுக் கூப்பன் வரும். உங்களுக்குக் கார் விழுந்திருக்கிறது, முதலில் வரி கட்டுங்கள் என்பார்கள். பரிசு கொடுப்பதற்கு முன்பே பணம் கேட்டால் அது மோசடி. யாருக்கும் ஓ.டி.பி. சொல்ல வேண்டாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இனி, மிச்சத்தைப் பற்றி. கவனமாக இருக்கும் வீட்டிலும் பயன்படாத கூப்பன்கள் சேரும். நமக்குத் தேவைப்படாத குழந்தைத் துணிக் கழிவு, இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்த கூடுதல் சோப்பு, எண்ணெய் பாக்கெட். பெருநாள் காலத்தில் டோக்கன்களும் சேரும். ஒரே வீட்டுக்கு மூன்று இடத்திலிருந்து ஃபித்ரா அரிசி டோக்கனும் குர்பானி இறைச்சி டோக்கனும் வருவதுண்டு. அதே தெருவில் போன மாதம் வாடகைக்கு வந்த விதவைத் தாய்க்கு ஒன்றுகூட வந்திருக்காது. அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை, அவ்வளவுதான். வேறு மாநிலத்திலிருந்து வந்து கட்டட வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் இதே நிலைதான். நம் கையில் கூடுதலாக இருக்கும் டோக்கன், யாருக்கோ வராமல் போன டோக்கன். அதை உரிய நேரத்தில் திருப்பிக் கொடுத்தால் அவர்களுக்குப் போய்ச் சேரும். தேதி முடிந்த பின் அது வெறும் காகிதம்.

எல்லாவற்றையும் இப்படி மாற்றிக் கொடுக்க முடியாது. ரேஷன் பொருள் அட்டைக்கு உரியவருக்கானது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு இலவசமாக அரிசி கிடைக்கிறது. அதை வாங்கித் தரகரிடம் விற்பது சட்டப்படி குற்றம். உண்மையிலேயே அரிசி வேண்டாம் என்பவர் அட்டையைச் சர்க்கரை அட்டையாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

தெரிந்தவருக்குக் கொடுப்பது எளிது. முகம் அறியாதவருக்குக் கொடுப்பதுதான் நாம் பழக வேண்டியது. தெரிந்தவர் நமக்கு நன்றி சொல்வார், நாளை நமக்கு ஏதாவது செய்வார். அறியாதவரிடம் அந்த எதிர்பார்ப்புக்கு இடமில்லை. வாங்குகிறவருக்கும் அது நிம்மதி. தெருவில் நம்மைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தலை குனிய வேண்டியதில்லை.

துருக்கியில் இதற்கு ஓர் அழகான வழக்கம் இருக்கிறது. ரொட்டிக் கடைக்கு வருகிறவர் இரண்டு ரொட்டிக்குக் காசு கொடுத்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார். மற்றொன்று தொங்கும் ரொட்டி என்ற பெயரில் கடையிலேயே இருக்கும். இல்லாதவர் வந்து, தொங்கும் ரொட்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போவார். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் காப்பிக்கும் இதே முறை உண்டு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஈரோட்டில், அரசு மருத்துவமனை அருகே ஒரு மெஸ், நோயாளிகளுக்குத் துணையாக இருப்பவர்களுக்கு ஒரு ரூபாய்க்குச் சாப்பாடு கொடுத்துப் பெயர் பெற்றது. மருத்துவமனையில் டோக்கன் கொடுத்துவிடுவார்கள். டோக்கனும் ஒரு ரூபாயும் கொண்டு வருபவர் வாடிக்கையாளர். அந்த ஒரு ரூபாய் அவருடைய மரியாதை.

நம் ஊரிலும் இதற்குத் தேவை இருக்கிறது. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் புதுக்கோட்டை, அரியலூர், பெரம்பலூர், கரூர் பக்கமிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். நோயாளிக்கு உள்ளே உணவு கிடைத்துவிடும். துணைக்கு வந்தவர்தான் பஸ் செலவையும் மருந்துச் செலவையும் நினைத்து ஒரு வேளையைத் தள்ளிப்போடுகிறார். காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கம் கோயிலில் 2012-இல் நாள் முழுவதும் அன்னதானம் தொடங்கப்பட்டது. வந்து உட்காருகிறவரை எந்த ஊர் என்று கேட்பதில்லை. 2013-இல் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம். பசித்தவரிடம் யார் என்று கேட்காத பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. அதில் நம் பங்கும் சேரட்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். நம் அலுவலகத்தில் ஒரு பெட்டி வைக்கிறோம். பயன்படாத கூப்பனையும் கூடுதல் டோக்கனையும், தேதி முடியப் பத்து நாள் இருக்கும்போதே அதில் போடுங்கள். வேண்டியவர் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, கூப்பனில் மிச்சம் பிடித்த காசில் மாதம் ஒரு சாப்பாட்டு டோக்கனுக்காவது கொடுங்கள். புத்தூர்ப் பக்கம் உணவகம் நடத்துபவர்களோடு பேசி, முறையான அனுமதியோடு அதைத் துணைக்கு வந்தவர்களிடம் சேர்ப்போம். எல்லோரும் சாப்பிடும்படி சைவச் சாப்பாடாகவே இருக்கட்டும். பெயர் கேட்க வேண்டாம், மதம் கேட்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். ஜகாத்துக்குத் தனிக் கணக்கும் சட்டமும் உண்டு. அதில் இதைக் கலக்காமல் ஸதகாவாகவே கொடுப்போம்.

வீண் செலவிலிருந்து நம் வீடுகளைக் காத்து, மிச்சமானதை முகமறியாத ஒருவருக்குக் கொடுக்கும் மனத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.