இடுப்பு வலிக்காக நகையை அடகு வைக்கும் முன்...
(அறக்கட்டளையின் மருத்துவ நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வருவோரில் இடுப்பு வலிக்காரர்கள் பலர். விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் நம் மக்கள். ஏலக்காய் செடியின் அடியில் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிந்துதான் பறிக்க வேண்டும்.

அப்படி வேலைக்குப் போகும் சகோதரி ஒருவர் வந்தார். "டிஸ்க் விலகியிருக்கு, ஆபரேஷன் இல்லாம மிஷின்ல இழுத்துச் சரி பண்ணிரலாம், இருபது தடவை வரணும், பணத்தை முன்னாடியே கட்டணும்னு சொல்றாங்க. வளையலை அடகு வைக்கவா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறோம்.

'ஸ்பைனல் டிகம்ப்ரஷன்' என்பது பழைய டிராக்ஷன்தான். இப்போது கம்ப்யூட்டர் வைத்த படுக்கையில் செய்கிறார்கள். பெல்ட் கட்டி இடுப்பை இழுத்து இழுத்து விடுவார்கள். சிலருக்குக் கொஞ்ச நேரம் இதமாக இருக்கலாம். ஆனால் 2013-இல் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, டிராக்ஷனால் சொல்லும்படியான பலன் இல்லை என்றது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனமும், நாள்பட்ட இடுப்பு வலிக்கு டிராக்ஷனும் இடுப்பு பெல்ட்டும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றது; உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது.

ஸ்கேனில் 'டிஸ்க் பிதுங்கல்' என்று எழுதியிருந்தால் பயந்துவிடாதீர்கள். 1994-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்தபோது பாதிப்பேருக்கு அது இருந்தது. புதிதாக வரும் வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். படுத்தே கிடக்காமல், முடிந்தவரை நடமாடுங்கள். குனிய முடியாதவர்கள் நாற்காலியில் தொழுவதில் வெட்கமில்லை. ஆனால் பள்ளிவாசலுக்கு நடந்து வருவதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் சில அறிகுறிகள் தெரிந்தால் ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலமிழந்து வருவது, வலியோடு காய்ச்சல் – இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சொல்லக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் இழப்பு நிரந்தரமாகிவிடும்.

ஆகவே நம் அறக்கட்டளை ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இழுவைச் சிகிச்சைக்கு உதவி கேட்போர், முதலில் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு வர வேண்டும். பஸ் செலவும் துணைக்கு ஆளும் நாம் தருவோம்.

அந்தச் சகோதரி அப்படித்தான் போனார். அங்கே சொல்லித் தந்த பயிற்சிகளைத் தினமும் செய்கிறார். வலி முழுதும் போய்விடவில்லை. ஆனால் மறுபடி வேலைக்குப் போகிறார். வளையலும் கையில்தான் இருக்கிறது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல் நலத்தைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.