எது மெய்யான லினக்ஸ்?



நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் 'குரோம்புக்' எனப்படும் மடிக்கணினிகளை வழங்கும் திட்டம் 2013ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணினியைச் சுற்றி ஆசிரியர்களிடையே ஒரு வாதம் எழுவதுண்டு. "இதன் உள்ளே இருப்பது லினக்ஸ்தானே?" என்பார் ஒருவர். "இது லினக்ஸே அன்று" என்பார் மற்றவர். இவ்விருவரில் யார் சொல்வது சரி என்பதை இன்று ஆராய்வோம்.

கணினியின் பொறிகளையும் நாம் பயன்படுத்தும் நிரல்களையும் இணைத்து வேலை வாங்குவது இயங்குதளம். அதன் நடுவே 'கெர்னல்' எனும் கரு ஒன்று உண்டு. நினைவகத்தைப் பங்கிடுவதும், எந்த நிரலுக்கு எப்போது முறை என்று தீர்மானிப்பதும் அதன் பணி. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லீனஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருவுக்குத்தான் லினக்ஸ் என்று பெயர். அதற்கு முன்பே, 1983இல், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 'குனூ' திட்டத்தை அறிவித்திருந்தார். எவரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அதன் கொள்கை. இவ்விரண்டும் சேர்ந்தே டெபியன், உபுண்டு போன்ற முழு இயங்குதளங்கள் உருவாயின.

குரோம்புக் 2011இல் விற்பனைக்கு வந்தது. அதன் கருவும் லினக்ஸ்தான். ஆனால் கருவுக்கு மேலே உள்ள திரையும் உலாவியும் கூகுள் நிறுவனம் அமைத்தவை. அப்படியானால் அதை எந்தப் பெயரால் அழைப்பது?

ரப்பர் மரத்தை அறிந்த பேராக் மக்களுக்கு இது புரியாத புதிரன்று. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள் விதையிலிருந்து முளைத்தவை. பின்னாளில் தோட்டங்களில் ஒட்டுக்கன்று வந்தது. விதையில் முளைத்த நாற்றின் தண்டில் வேறொரு மரத்தின் மொட்டை ஒட்டுவார்கள். மொட்டு பிடித்ததும் அதற்கு மேலுள்ள தண்டை வெட்டிவிடுவார்கள். வேர் ஒரு மரத்துடையது. பால் வெட்டும் அடிமரமோ இன்னொன்றுடையது. அந்த மரத்தை நாம் 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' என்று ஒட்டின் பெயரால்தான் அழைக்கிறோம். வேரின் பெயரை எவரும் கேட்பதில்லை. குரோம்புக்கும் அப்படியே. வேர் லினக்ஸ், ஒட்டு கூகுள். ஆகவே இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு.

ஆனால், நேயர்களே, பெயரைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. கணினியின் சாவி யாரிடம் உள்ளது? ஒவ்வொரு குரோம்புக் மாதிரிக்கும் ஒரு முடிவுநாள் உண்டு. அதற்குப்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. 2023ஆம் ஆண்டில் கூகுள் இந்தக் காலத்தைப் பத்தாண்டாக உயர்த்தியது வரவேற்கத்தக்கதே. எனினும் அது நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. அந்த மாதிரி வெளிவந்த காலத்திலிருந்து எண்ணப்படுவது. 2018 முதல் குரோம்புக்கில் லினக்ஸ் நிரல்களை இயக்கவும் வழி உண்டு. ஆயினும் பள்ளிக்கெனப் பதிவுசெய்த கணினியில் நிருவாகி நினைத்தால் அவ்வழியை அடைத்துவிடலாம்.

டெபியனின் நிலை வேறு. ஒரு பதிப்பின் காலம் முடிந்தால் அடுத்த பதிப்பை நாமே நிறுவிக்கொள்ளலாம். பழைய கணினிக்கு இலேசான திரையமைப்பைத் தேர்ந்துகொள்ளலாம். இந்தியாவின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளித்து, 'பாஸ்' என்னும் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. அதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

குரோம்புக்கைக் குறை கூறுவது என் நோக்கமன்று. முப்பது பிள்ளைகளை மேய்க்கும் ஆசிரியருக்கு, திறந்தவுடன் ஓடும் கணினி பெரும் துணை. லினக்ஸை நிறுவிப் பேண, விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். சிறிய தோட்டப் பள்ளியில் அத்தகையவர் எளிதில் அமைவதில்லை. ஆனால் அதே சிறிய பள்ளிக்குத்தான் பழைய கணினிக்கு மாற்றாகப் புதியது விரைவில் வந்து சேர்வதும் இல்லை.

எனவே, பள்ளிக்கு எவரேனும் கணினி நன்கொடை அளிக்க முன்வந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் முடிவுநாள் எது? அதற்குப்பின் வேறு இயங்குதளத்தை நாமே நிறுவ முடியுமா? அதைச் செய்யத் தெரிந்தவர் நம்மிடையே இருக்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்பதே விடையானால், பள்ளியில் படித்துச் சென்ற இளைஞர் ஒருவரை அழைத்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். உரிமம் தரும் உரிமை, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரிடமே பயன் தரும்.