மருந்து ஞாயிற்றுக்கிழமை வரட்டும்

(கோலார் தங்கவயலில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இராத்திரி ரயிலிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல்கூட இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

இன்றைக்கு மனநோயைப் பற்றிப் பேச்சு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். அதைப் படித்துவிட்டுச் சிலர் சிரித்தார்கள். "சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா? வீட்டுப் பட்டா என்ன ஆயிற்று? செட்டில்மென்ட் பாக்கி என்ன ஆயிற்று? ரயிலில் பெட்டி கூட்டச் சொல்லிக் கொடுத்த மனு என்ன ஆயிற்று?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். அந்த வேலைகளை நாம் விட்டுவிடவில்லை. ஆனால் நோட்டீஸ் ஒட்டிய மறுநாளிலிருந்து இன்று வரை, இருட்டின பிறகு, ஏழு பேர் சங்க வாசலுக்கு வந்து போனார்கள். ஒருவரும் பகலில் வரவில்லை. ஒருவரும் "எங்கள் வீட்டில்" என்று ஆரம்பிக்கவில்லை. "எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில்" என்றே ஆரம்பித்தார்கள். அந்த ஏழு பேருக்காகத்தான் இந்தப் பேச்சு. சிரித்தவர்களும் இருந்து கேட்க வேண்டும்.

நாங்கள் டாக்டர்கள் அல்ல. ரயில்வே குமாஸ்தா, பெயிண்டர், கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள், சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்த பெரியவர் என்று பலரும் சேர்ந்தது இந்தச் சங்கம். பேசுகிறவரின் படிப்பு பள்ளி இறுதி வகுப்போடு சரி. ஆகவே பார்த்ததையும் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறோம்.

நம் லைனில் ஒரு பையன். பெயர் வேண்டாம். தெரிந்தவர்களும் தயவுசெய்து சொல்ல வேண்டாம். பெங்களூரில் டைல்ஸ் ஒட்டும் வேலை. நம் எல்லோரையும் போல விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, இருட்டின பிறகு வந்து இறங்குகிறவன். இருபத்திரண்டு வயதில் தூக்கம் போயிற்று. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்றான். முதல் ஆறு மாதம் மந்திரிப்பு, தாயத்து, கோழிப் பலி. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அதற்குப் பிறகுதான் பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அங்கே குறை ஒன்றும் வைக்கவில்லை. மூன்று மாதத்தில் பையன் திரும்ப வேலைக்குப் போனான். முதல் கூலியில் அம்மாவுக்குப் புடவை வாங்கினான். அந்த அம்மா அதை லைன் முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினார்கள்.

அப்புறம் என்ன ஆயிற்று? மாத்திரை வாங்க மாதம் ஒரு தரம் பெங்களூர் போக வேண்டும். காலை ரயில், பஸ், சீட்டு, வரிசை, மருந்து ஜன்னல், மறுபடி பஸ், இரவு ரயில். அம்மாவுக்கு ஒரு நாள் கூலி, பையனுக்கு ஒரு நாள் கூலி. "மாசாமாசம் என்னடா லீவு?" என்று மேஸ்திரி முறைத்தார். வியாதியைச் சொன்னால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் லீவு கிடைக்காது. சரி, பக்கத்திலேயே வாங்கலாம் என்று ஒரு மருந்தகத்துக்குப் போனார்கள். "ஸ்டாக் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள்" என்றார்கள். "அவன்தான் நல்லா இருக்கானே, எதுக்கு மாத்திரை?" என்று அக்கம்பக்கத்தில் சொன்னோம். ஆமாம், நாமும்தான் சொன்னோம். மாத்திரை நின்றது.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் இரவு அவன் வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள், ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் தண்டவாளத்தோரம் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தவனை ஒரு கேங்மேன் பார்த்து நிறுத்தி உட்கார வைத்தார். சட்டைப் பையில் சீசன் டிக்கெட் இருந்தது. அதைப் பார்த்து ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சொல்லி எங்களுக்கு போன் வந்தது. அந்தக் கேங்மேன் தமிழரா, தெலுங்கரா, வேறு மாநிலத்தவரா என்று நமக்குத் தெரியாது. அவர் கண்ணில் படாமல் போயிருந்தால் இன்று நாம் வேறு மாதிரிக் கூட்டம் நடத்திக்கொண்டிருப்போம்.

இந்த வியாதிக்கு மனச்சிதைவு என்று பெயர். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாதிரி, நன்றாக இருக்கும்போதே மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும். தினம் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை போடும் ஊசி இருக்கிறது. இந்த மருந்துகளில் பல, நாற்பது ஐம்பது வருஷமாகப் புழக்கத்தில் இருப்பவை. விலை மலிவானவை. நம் ஆட்களுக்கு மருந்து விலை எட்டாமல் போகவில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் எட்டாமல் போகிறது.

சுரங்கம் ஓடிய காலத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கினோம். பாறை வெடிப்பில் செத்தோம். தூசியைச் சுவாசித்து மார்பு கெட்டோம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரத்தில் இருந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அந்த ஆஸ்பத்திரியும் மூடப்பட்டது. வேலை போன ஆண்கள் சாராயக் கடைக்குப் போனதும், பிள்ளைகள் ரயிலுக்குப் போனதும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. "நெஞ்சு படபடங்குது, தூக்கம் வரல, உடம்பெல்லாம் வலி" என்று சொல்லி, அதற்கு "பிரஷர்" என்று பெயர் வைத்துக்கொண்டு, கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். சோகம் உடம்பு வலியாக வருவதும் வியாதிதான், அதற்கும் மருந்தும் பேச்சும் உண்டு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2015-16-இல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வில், வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோய் இருப்பதாகத் தெரிந்தது. நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள்.

வழி இல்லையா? இருக்கிறது. அது நம் கர்நாடகத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட வழி. 1975-இல் நிம்ஹான்ஸில் சமூக மனநலப் பிரிவு தொடங்கினார்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் சகலவாராவில் கிராமங்களில் வேலை செய்து பார்த்தார்கள். பிறகு 1985-இல் பெல்லாரி மாவட்டம் முழுவதற்கும் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அங்கே சுமார் இருபது லட்சம் ஜனம். அதுவும் நம்மைப் போல மண்ணைத் தோண்டிப் பிழைக்கிற சீமைதான். பெரிய மனநோய் ஆஸ்பத்திரி கட்டிவிட்டா ஆரம்பித்தார்கள்? இல்லை. ஏற்கெனவே இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்தார்கள். தடுப்பூசிக்கும் காய்ச்சல் கணக்குக்கும் வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளரிடம், "இந்த வீட்டில் யாராவது தனியாகப் பேசுகிறார்களா, தூங்காமல் இருக்கிறார்களா, வலிப்பு வருகிறதா?" என்று சேர்த்துக் கேட்கச் சொன்னார்கள். முக்கியமான சில மருந்துகளை அங்கேயே வைத்தார்கள். கஷ்டமான கேஸ்களை மட்டும் மாவட்டத் தலைநகருக்கு அனுப்பினார்கள். அந்த மாதிரியை வைத்துத்தான் 1996-இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் ஆரம்பமாயிற்று. இன்று 700-க்கு மேற்பட்ட மாவட்டங்களுக்குக் காகிதத்தில் அனுமதி இருக்கிறது. காகிதம் மருந்து கொடுக்காது என்பது வேறு விஷயம்.

கோவாவில் இன்னொரு படி மேலே போனார்கள். டாக்டர் படிப்போ நர்ஸ் படிப்போ இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களோடு பேச வைத்தார்கள். அரசு சுகாதார நிலையங்களில் நல்ல பலன் கிடைத்தது. அந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நம் லைனில் பி.யூ.சி. முடித்துவிட்டு கார்மென்ட்ஸில் பட்டன் தைக்கிற பெண்கள் எத்தனை பேர்! அவர்களால் முடியாத வேலையா இது?

இங்கே மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சண்டைக்காகச் சொல்லவில்லை. கர்நாடகம் நமக்குச் சோறு போடுகிற மண். நம் பிள்ளைகள் கன்னடம் படிக்கிறார்கள், படிக்கத்தான் வேண்டும். ஆனால் அறுபது வயதுத் தாய்க்கு மார்க்கெட்டில் பேசுகிற கன்னடம்தான் தெரியும். "காய்ச்சல்" என்பதை எந்த பாஷையிலும் சொல்லிவிடலாம். "செத்துப் போயிடலாம்னு தோணுது" என்பதை எந்த பாஷையில் சொல்வது? ஒருமுறை ஓரிடத்தில், அந்தத் தாய் சொன்னதை வரிசையில் நின்ற யாரோ ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி மொழிபெயர்த்தார். அதோடு அந்த அம்மா போவதை நிறுத்திக்கொண்டார். தமிழ் தெரிந்த ஒரு பணியாளர் கேட்பது சலுகை அல்ல. ஸ்டெதாஸ்கோப் இல்லாமல் மார்பைப் பார்க்க முடியாது. அது போலத்தான் இதுவும்.

கோவில், தர்கா போகிறவர்களைக் கேலி செய்ய வேண்டாம் என்று சங்கத்து இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பக்கத்தில் டாக்டர் இல்லாதபோது ஜனம் எங்கே போகும்? ஆனால் ஒன்றை மறக்க முடியாது. நம் சுரங்கம் மூடிய அதே 2001-இல், ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் எழுந்து ஓட முடியாமல் வெந்து போனார்கள். இருபத்தைந்துக்கு மேற்பட்ட உயிர்கள். பிற்காலத்தில் அந்த தர்காவிலேயே அரசு டாக்டர் வந்து மருந்து தருகிற ஏற்பாடு வந்தது. வேண்டுதல் வேண்டுதலாக இருக்கட்டும், மாத்திரையும் கூட இருக்கட்டும். சங்கிலி மட்டும் கூடாது. நம் லைனில் இரண்டு வீட்டில் பின்பக்க அறைக்கு வெளியிலிருந்து பூட்டுப் போடுகிறார்கள் என்று தெரியும். அவர்களை நாங்கள் திட்டப் போவதில்லை. வேலைக்குப் போனால்தான் சோறு என்கிற தாய் வேறு என்ன செய்வாள்?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 முதல் அமலில் உள்ளது. அரசு நடத்தும் அல்லது அரசுப் பணத்தில் நடக்கும் மனநல சேவை ஒவ்வொருவருக்கும் உரிமை, அதற்காக நெடுந்தூரம் அலைய வைக்கக் கூடாது, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம் என்கிறது அதன் 18-ஆம் பிரிவு. சங்கிலி போடுவதை 95-ஆம் பிரிவு தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்கிறது 115-ஆம் பிரிவு. ஆகவே அப்படி ஒன்று நடந்தால் போலீசுக்குப் பயந்து ஆளை வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். 14416 என்று ஒரு இலவச நம்பர் 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. டெலிமானஸ் என்று பெயர். ராப்பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். இதைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

சரி, நாம் என்ன கேட்கிறோம்? தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் மனநல டாக்டர் வருகிற திட்டத்தை 2014-இல் கர்நாடக அரசு கொண்டுவந்தது. நல்ல திட்டம். ஆனால் செவ்வாய்க்கிழமை பகலில் தங்கவயலில் யார் இருக்கிறார்கள்? கிழவர்களும் குழந்தைகளும். மற்றவர்கள் எல்லாம் பெங்களூரில். ஆகவே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே மனநல கிளினிக் வேண்டும் என்கிறோம். தமிழ் பேசும் ஒரு ஆள் வேண்டும். ஒரு தடவை வந்தால் இரண்டு மாதத்துக்கு மருந்து வேண்டும். மருந்து தீர்ந்துபோனால் நோயாளி வந்து கேட்கும் வரை காத்திராமல், வராதவர் வீட்டுக்கு ஆஷா பணியாளரை அனுப்ப வேண்டும். அதற்கு அவர்களுக்குத் தனியாக ஊதியம் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே அவர்கள் முதுகில் எத்தனையோ சுமை.

மனு தயாராக இருக்கிறது. மாவட்ட சுகாதார அதிகாரிக்கு ஒன்று, எம்.எல்.ஏ.வுக்கு ஒன்று. கையெழுத்துப் போடுகிறவர் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று யாரும் நினைக்காதபடி எல்லோருமே போட வேண்டும். சிரித்தவர்கள் முதலில் போடட்டும்.

அதுவரைக்கும்? அந்தப் பையன் இப்போது மறுபடி மாத்திரை சாப்பிடுகிறான். இன்னும் பதினோரு நாளைக்கு இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இந்த மாதம் இன்னொரு நாள் லீவு போட முடியாது. சீட்டை எடுத்துக்கொண்டு பெங்களூர் போய் வாங்கி வர ஒரு ஆள் வேண்டும். வார நாளில் ஓய்வு உள்ளவர்கள், கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.