ஒரு நாள், ஒரு வேளை, ஓர் அறை



ரசிகமணி டி.கே.சி. தம் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை இல்லத்து முற்றத்தில் கூட்டிய வட்டத்தொட்டி என்னும் இலக்கியச் சபைக்குத் தலைவரும் இல்லை, சந்தாவும் இல்லை. ஞாயிறு மாலை என்ற நியதி ஒன்றே அந்தச் சபையை நடத்திற்று. அவர் குற்றாலவாசியான பின்னும் ராஜாஜியும் கல்கியும் அங்கே தேடி வந்தார்கள். அத்தகைய ஓரிடம் இல்லாத ஆட்டிசம் உள்ளவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தமக்கான இடத்தைத் தாமே அமைத்துக்கொண்டவர்களும் இங்கு உண்டு. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். தசைச் சிதைவு நோயுடைய கணக்குத் தணிக்கையாளர் எஸ். சங்கரராமன் பிற்பாடு அவரோடு இணைந்தார். ஊனத்தை அனுபவித்தவர்களே ஸ்தாபனத்தையும் நிர்வகித்தார்கள் என்பதையே அதன் மகத்தான அம்சமாக நான் கருதுகிறேன். ஆட்டிசம் உள்ளவர்கள் விஷயத்தில் இது இன்னும் நம் சிந்தையில் ஏறவில்லை. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை அங்கீகரித்தன. ஆயினும் இலவசக் கல்விக்கான உரிமை 18 வயதோடு முடிய, குழந்தையாக இருந்தபோது பயிற்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், வாலிபராகி வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகிறார்.

அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ளவர்களே 1996-இல் தொடங்கி 2013 வரை நடத்திய 'ஆட்ரீட்' என்னும் வருடாந்தரக் கூட்டத்தில், பேச விருப்பமா, அறிமுகமானவர் மட்டும் பேசலாமா, யாருமே பேச வேண்டாமா என்பதை நெஞ்சில் அணிந்த வர்ண அட்டையே தெரிவித்துவிட்டது. மௌனமாக இருப்பவரை "ஏன் தம்பி, வாயைத் திறக்க மாட்டாயா?" என்று குடையும் நம் ஊர் உபசாரத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

இங்கும் ஓர் அறை வேண்டும். குற்றாலச் சாரல் காலத்து வாகன ஒலி எட்டாத தெருவில், இரையாத மின்விசிறியும் சிமிட்டாத விளக்குமாக, வாரந்தோறும் அதே கிழமையில் அதே வேளையில் அது திறந்திருக்க வேண்டும். சீசன் கூட்டத்தை முன்னிட்டு நேரத்தை மாற்றுவது கூடவே கூடாது, ஏனெனில் முன்னறிவிப்பில்லாத மாறுதல் அவர்களில் பலருக்குப் பெரும் வேதனை. சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். ஆனால் நாற்காலி வாங்கும் முன்பே ரப்பர் முத்திரை வாங்கும் நம் சுபாவத்தை உத்தேசித்து, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன். பதிவு செய்யும் நாளில் செயலாளர் பதவியை ஆட்டிசம் உள்ள ஒருவர் ஏற்கட்டும். வாடகையையும் மின்கட்டணத்தையும் இன்று பட்டம் பெறும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.