பதவி உயர்வு தள்ளிப்போகும்போது

(நாகபுரியில் நடந்த காலாண்டுக் கூட்டத்தில், இந்திய விமானப்படையில் 28 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

படை வாழ்க்கை அனுபவங்களைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். யுத்தக் கதைகளை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் நான் ரேடார் கொட்டகையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருந்தவன். இன்று பேசப்போவது அதைவிடச் சாதாரணமான விஷயம். படையில் ஆபீஸராக இல்லாமல் சாதாரண வீரனாகச் சேர்ந்தவனுக்குப் பதவி உயர்வு வராமல் நின்றுபோனால் அவன் என்ன செய்வது, அவன் வீட்டார் என்ன செய்வது என்பதுதான்.

இந்த விஷயத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. போன ஆவணி அவிட்டத்தன்று பூணூல் மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, நம் உறுப்பினரான ஒரு மாமா என்னைத் தனியே அழைத்தார். "பையன் ஏர்ஃபோர்ஸ்ல பதினாலாவது வருஷம். இன்னும் கார்ப்பரல்தான். கூடப் படிச்சவா எல்லாம் பெங்களூர்ல மேனேஜரா இருக்கா. பேப்பர் போட்டுட்டு வந்துடறேன்ங்கறான். இப்பல்லாம் ஃபோன் பண்ணினாக்கூட எடுக்கறதில்லை. நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்கோ" என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது.

பையனோடு பேசினேன். நம் சங்கத்தில் இதே கவலையோடு இன்னும் சில குடும்பங்கள் இருப்பது பிறகு தெரிந்தது. அதனால் அவனுக்குச் சொன்னதை, பெயர் சொல்லாமல், எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

முதலில் ஏணியைப் புரிந்துகொள்ளுங்கள். விமானப்படையில் ஏர்க்ராஃப்ட்ஸ்மேன், லீடிங் ஏர்க்ராஃப்ட்ஸ்மேன், கார்ப்பரல், ஸார்ஜென்ட், ஜூனியர் வாரண்ட் ஆபீஸர், வாரண்ட் ஆபீஸர், மாஸ்டர் வாரண்ட் ஆபீஸர் என்று படிகள். ஸார்ஜென்ட் வரைக்கும் சேவைக் காலமும், தேர்வில் தேறுவதும், நல்ல மதிப்பீட்டு அறிக்கையும், மருத்துவத் தகுதியும் இருந்தால் போதும். அதற்கு மேலே காலி இடம் வேண்டும். அந்த இடமும் அவரவர் ட்ரேடுக்குள்ளேதான். என்னோடு ஒரே நாளில் சேர்ந்து வேறு ட்ரேடுக்குப் போனவன் என்னைவிடச் சில வருஷங்கள் முன்னாலேயே ஜூனியர் வாரண்ட் ஆபீஸர் ஆனான். அவன் என்னைவிடக் கெட்டிக்காரனா என்றால் இல்லை. அவன் ட்ரேடில் மேலே இருந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள், என் ட்ரேடில் பெறவில்லை. கோபுரம் மேலே போகப் போகக் குறுகத்தான் செய்யும். கீழே நிற்பவர்களின் யோக்யதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் காலி இடத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. என் கதையைச் சொன்னால் புரியும்.

1982 ஜனவரியில் கும்பகோணத்திலிருந்து போய்ச் சேர்ந்தேன். வயது பதினெட்டு. அப்பா ரயில்வேயில் க்ளார்க். ஜாலஹள்ளியில் பயிற்சி, பிறகு ஜோத்பூர், தேஜ்பூர், ஹல்வாரா என்று மாற்றல்கள். கார்ப்பரல் உரிய காலத்தில் வந்தது. ஸார்ஜென்டுக்கான தேர்வில் இரண்டு தடவை தவறினேன். ரேடார் சம்பந்தப்பட்ட தாளில் நல்ல மார்க். சேவை விதிகள், நிர்வாகம் பற்றிய தாளில் கோட்டை விட்டேன். "மெஷினைச் சரி பண்ணத் தெரிந்தவனுக்கு இந்தப் படிப்பெல்லாம் எதற்கு" என்ற அலட்சியம்தான் காரணம். எனக்குப் பின்னால் வந்தவர்கள் மூன்று பட்டை தைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார்கள். நேற்று வரை "ஸார்" என்று அழைத்தவனை நான் "ஸார்" என்று அழைக்க வேண்டியதாயிற்று.

அப்பா மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதுவார். க்ஷேமம், மழை, யாருக்குக் கல்யாணம் எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் "உன் ப்ரமோஷன் என்ன ஆச்சு?" என்று கேட்டிருப்பார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் அந்த ஒரு வரி மட்டும் கண்ணில் பட்டது. பதில் எழுதுவதைக் குறைத்தேன். 1995 தீபாவளிக்கு லீவு கிடைத்தும் ஊருக்குப் போகவில்லை. "ட்யூட்டி" என்று பொய் எழுதினேன். 1996 தீபாவளிக்கும் அப்படியே. பட்டையோடுதான் வாசற்படி மிதிப்பது என்று ஒரு வீம்பு.

அந்த 1995-ல்தான் விலகல் மனுவையும் எழுதினேன். எங்கள் செக்ஷனில் பஞ்சாப்காரர் ஒரு வாரண்ட் ஆபீஸர் இருந்தார். மனுவை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "பதினைந்து வருஷம் என்றைக்கு முடிகிறது?" என்று கேட்டார். "1997 ஜனவரி." "இன்னும் எத்தனை மாதம்?" எண்ணிச் சொன்னேன், பதினேழு. "பதினேழு மாதக் கோபத்துக்காக ஆயுசு முழுக்க வரும் பென்ஷனை விடுகிறாயா? உன் மனைவியிடம் கேட்டுவிட்டு நாளைக்கு வா" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆத்துக்காரியிடம் சொன்னேன். அவள் பென்ஷனைப் பற்றிப் பேசவில்லை. "ஆறு மாசமா நீங்க குழந்தையோட ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசலை. பட்டையை யூனிஃபார்மோட கழட்டி வெச்சுட்டு உள்ளே வாங்கோ" என்றாள். அதற்குப் பிறகு அந்த மனுவை நான் எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை ஒழுங்காகப் படித்துத் தேறினேன். 1997 ஜூனில் ஸார்ஜென்ட் ஆனேன். ஆனால் 1996 மார்கழியிலேயே அப்பா போய்விட்டார். தந்தி கிடைத்து, ரயில் ஏறி, நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருடைய பெட்டியில் என் கடிதங்கள் எல்லாம் தேதிவாரியாகக் கட்டி வைத்திருந்தன. கடைசி இரண்டு வருஷத்துக் கட்டு மெலிந்து கிடந்தது. அவர் ப்ரமோஷனைக் கேட்டது, என்னிடம் கேட்க அவருக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான் என்பதால். எனக்கு அது அப்போது தெரியவில்லை.

பட்டை தாமதமானதால் எனக்கு நஷ்டம் கொஞ்சம் சம்பளம். அந்த இரண்டு தீபாவளிகளை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. நானேதான் விட்டேன். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இனி, அந்தப் பையனுக்குச் சொன்ன நடைமுறை விஷயங்கள்.

முதலாவது, காரணத்தைக் கண்டுபிடி. தேர்வா, மருத்துவத் தகுதியா, மதிப்பீட்டு அறிக்கையா, ஏதாவது தண்டனைப் பதிவா, அல்லது வெறும் காலி இடமா? செக்ஷன் மூத்தவரிடமும் அட்ஜுடன்ட்டிடமும் நேரடியாகக் கேள். ஏர்மென்களின் பதிவேடுகள் தில்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கின்றன. முறைப்படி யூனிட் மூலம் எழுதிக் கேட்கலாம். கான்டீனில் கேட்ட வதந்தியை வைத்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதே. தேர்வு என்றால் படி. உடல் எடையோ ரத்த அழுத்தமோ என்றால் அதைக் கவனி. காலி இடம் என்றால், உன் கையில் இல்லாத விஷயத்துக்காகத் தூக்கத்தை விடாதே.

இரண்டாவது, அநியாயம் நடந்திருப்பதாக நிஜமாகவே நினைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. விமானப்படைச் சட்டம், 1950-ன் 26-வது பிரிவு, பாதிக்கப்பட்ட ஏர்மேன் முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. அங்கே தீராவிட்டால் 2007-ம் வருஷச் சட்டப்படி அமைந்து 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலும் அதற்கு ஒரு கிளை உண்டு. படைக்குள் உள்ள வழிகளை முடித்துவிட்டுத்தான் அங்கே போகலாம். இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தேதிகளையும் நகல்களையும் பத்திரப்படுத்து. புலம்பலுக்கு எந்தத் தீர்ப்பாயத்திலும் மதிப்பு இல்லை.

மூன்றாவது, சம்பளம் வேறு, பட்டை வேறு. ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு வந்த எம்.ஏ.சி.பி. திட்டப்படி 8, 16, 24 வருஷங்களில் படைவீரருக்குச் சம்பள உயர்வு உண்டு. ஏழாவது ஊதியக்குழு அட்டவணையில் ஸார்ஜென்டுக்கு ஐந்தாம் நிலை, ஆரம்பச் சம்பளம் 29,200 ரூபாய். ஜூனியர் வாரண்ட் ஆபீஸருக்கு ஆறாம் நிலை, 35,400 ரூபாய். ஸார்ஜென்டாகவே நின்றுபோனவரும், மற்ற தகுதிகள் சரியாக இருந்தால், 24 வருஷம் முடிந்ததும் ஆறாம் நிலைக்கு வந்துவிடுவார். படைவீரர்களுக்கு இந்தத் திட்டம் 2008 செப்டம்பரிலிருந்து என்று அரசு சொன்னதை, 2006 ஜனவரி 1-லிருந்து என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் மாற்றியது. பழைய ஓய்வூதியர்கள் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நான்காவது, வெளியே போவதானால் கணக்குப் போட்டுப் போ. ஆபீஸர் அல்லாதவருக்குச் சேவை பென்ஷன் கிடைக்கப் பதினைந்து வருஷம் வேண்டும். அதற்கு முன் சொந்த விருப்பத்தில் விலகினால் பென்ஷன் போவதோடு, "முன்னாள் படைவீரர்" என்ற தகுதியும் போகும். அந்தத் தகுதி இருந்தால் மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளில் பத்து சதவீத ஒதுக்கீடு உண்டு. வயதில் சேவைக் காலத்தையும், கூட மூன்று வருஷத்தையும் கழித்துக்கொள்வார்கள். பென்ஷன் வாங்கும் குடும்பத்துக்கு 2003-ல் ஆரம்பித்த ஈ.சி.ஹெச்.எஸ். மருத்துவ வசதி உண்டு. சேவையில் இருக்கும்போதே தபால் வழியில் ஒரு டிகிரி முடித்துவிடு. நான் ஜூனியர் வாரண்ட் ஆபீஸர் ஆனது 2006-ல், ஓய்வு பெற்றது 2010-ல். அப்போது எனக்கு வயது 46. ஒரு பொதுத்துறை வங்கியில் க்ளார்க்காகச் சேர்ந்து அறுபது வயது வரை வேலை பார்த்தேன். அந்த வேலைக்கு உதவியது டிகிரியும் டிஸ்சார்ஜ் புத்தகமும்தான். எத்தனை பட்டை என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் பழைய முறையில் சேர்ந்தவர்களுக்கு. 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நாலு வருஷச் சேவை. அதில் 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தார்கள். நாலு வருஷச் சேவைக்குப் பென்ஷன் கிடையாது. பேரனை அதில் சேர்க்க நினைப்பவர்கள் நாலு வருஷத்துக்குப் பிறகு என்ன என்பதையும் முதல் நாளே யோசித்து வையுங்கள்.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீதையைச் சொல்லிப் பையனைச் சமாதானப்படுத்த முயலாதீர்கள். அவனுக்கும் அது தெரியும். ஃபோனில் அவன் கிடைத்தால் முதல் கேள்வியாக ப்ரமோஷனைக் கேட்காதீர்கள். கல்யாண வீட்டில் யாராவது "பையன் இன்னும் அதே போஸ்ட்தானா?" என்று கேட்டால், "நன்னா வேலை பார்த்துண்டிருக்கான்" என்று சொல்லுங்கள். அவன் காதுக்கு அது போய்ச் சேரும். பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. அப்பா அம்மா கேட்பது உங்கள் பட்டையை அல்ல. பட்டை வரும்போது வரட்டும், நீங்கள் இந்தத் தீபாவளிக்கே வாருங்கள்.

அந்தப் பையன் விலகல் மனுவைக் கிழித்துப் போட்டான் என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பதினைந்து வருஷம் முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, அது வரை தள்ளி வைத்திருக்கிறான். அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டும் இருக்கிறான். ஆனால் போன வாரம் அந்த மாமா என்னைப் பார்த்தபோது, "ஞாயித்துக்கிழமை அவனே ஃபோன் பண்ணினான். முக்கால் மணி நேரம் கிரிக்கெட் பேசினோம்" என்றார். ப்ரமோஷனைப் பற்றிக் கேட்டீர்களா என்றேன். "கேக்கலை. நாக்கைக் கடிச்சுண்டு இருந்துட்டேன்" என்றார்.