தலைவலியைத் தூண்டுவது எது?
(அவலாஞ்சி மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)



அறுப்பு வயலில் தலை நோவதாகத் தகப்பனிடம் முறையிட்டு, அன்று மத்தியானமே மரித்துப்போன சூனேமியாளின் மகனை நாம் அறிவோம். அப்படித் திடீரென்று இடி விழுந்ததுபோல் வருகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கைகால் பலவீனம், 50 வயதுக்குமேல் முதன்முதலாகத் தொடங்கும் தலைவலி ஆகியவற்றுக்கு அடுத்த முகாம்வரை காத்திராதேயுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

இன்று நான் பேசுவது, வருஷக்கணக்காக வந்து வந்து போகிற மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி. பெயர்தான் ஒற்றை, இரு பக்கமும் வலிக்கலாம். வாந்தி வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம்வரை நீடிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். கொழுந்து எடுக்கும் சகோதரிக்கு அது கூலி இழக்கும் நாள். வீட்டாரோ சோம்பல் என்பார்கள், திருஷ்டி என்பார்கள். இரண்டுமல்ல. பெரும்பாலும் குடும்பவழியாக வருகிற, மூளையின் கூர்மையான சுபாவம் அது. சுபாவத்தை மாற்ற முடியாது. அதைத் தூண்டுவதைக் கண்டுபிடிக்கலாம்.

நம் மலையில் முதல் காரணம் பட்டினி. விடியற்காலை வெறும் தேத்தண்ணியோடு வேலைக்குப் போய், பத்து மணிக்குத்தான் வாயில் ஏதாவது போடுகிறோம். லெந்து நாட்களில் உபவாசிக்கும் தாய்மாரே, மைக்ரேன் உள்ளவர் ஆகாரத்துக்குப் பதிலாக வேறொன்றை வெறுத்தாலும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்பது என் எண்ணம். போதகர் ஐயாவும் சம்மதிப்பார். தினம் ஏழெட்டுத் தம்ளர் தேத்தண்ணி குடிப்பவர் ஒரு நாள் நிறுத்தினாலும் வலிக்கும். தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலோடு இருப்பதும் நம் நாட்டுப் பெண்களுக்குத் தூண்டுதல் என்று இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாதவிலக்குக்கு முந்திய நாட்கள், தூக்கக் குறைவு, விடுமுறையில் அதிகத் தூக்கம், எல்லாம் உண்டு. வானிலை மாற்றமும் சிலருக்கு உண்டு. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய இந்த ஊரில் அதற்கு நாம் என்ன செய்ய முடியும்! சாக்லேட் பற்றி அதிகம் கவலைப்படாதேயுங்கள். அதைத் தின்ன ஆசை எழுவதே சில வேளை வலி தொடங்கிவிட்டதன் அறிகுறி.

குளிருக்குக் கரியடுப்பு மூட்டிக் கதவைச் சாத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலுள்ள எல்லாருக்கும் ஒரேசமயம் தலை வலித்தால் அது மைக்ரேன் அல்ல, விஷப்புகை. கதவைத் திறந்து வெளியே ஓடுங்கள். நீலகிரியில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

பெட்டிக்கடை மாத்திரையைப் பற்றிச் சொல்லவே முக்கியமாக வந்தேன். மாதத்தில் 15 நாள் சாதாரண வலி மாத்திரை, அல்லது 10 நாள் கலப்பு மாத்திரை என்று மூன்று மாதத்துக்குமேல் போனால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அதை நிறுத்தி, வலி வராமல் தடுக்கும் மருந்து கொடுக்கிறோம். புரோப்ரனலால் விலை மலிவானதே. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. இன்று நீங்கள் பெறும் மருந்து, சபையார் மனமுவந்து அனுப்பிய காணிக்கையால் வாங்கியது.

போகும்போது நர்ஸ் அம்மாவிடம் ஆளுக்கொரு காலண்டர் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வலி வந்த நாளுக்கு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்குக் கோடு, சாப்பிடாத வேளைக்குப் புள்ளி. எழுதப் படிக்கத் தெரியவேண்டியதில்லை. அடுத்த முகாமுக்கு அதைக் கொண்டுவாருங்கள்.