குப்பியை எதால் கழுவினாய்?

(மாணவர்களுக்கான நீர்ச்சோதனைப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க சேரிக் கிணத்துத் தண்ணியில நுரை வருதுன்னு மனு கொடுத்தோம். மேலே, வாய்க்கால் ஓரம் ஒரு சலவை ஆலை. வந்த அதிகாரி கிணற்றை எட்டிப் பார்த்துட்டுச் சொன்னார்: "உங்க பொம்பளைங்க பக்கத்துலயே துவைக்கிறாங்க, நுரை வராம என்ன வரும்?" அழுக்கு நம்மிடமிருந்துதான் கிளம்புகிறது என்பது அவர்களுக்குச் சோதிக்காமலே தெரியும். சோதித்துக் காட்டுகிற சுமை மட்டும் நம்முடையது. அப்போது நான் வேதியியல் மாணவன்.

முறை இதுதான். சலவைத்தூளின் நுரைப்பொருள் எதிர்மின் தன்மை கொண்டது. மெத்திலீன் புளூ சாயம் நேர்மின். இரண்டும் சோடி சேர்ந்தால் தண்ணீரை விட்டுக் குளோரோஃபார்முக்குள் இறங்கிவிடும். பிரிபுனலின் அடியில் நிற்கும் அந்த நீலத்தை 652 நானோமீட்டர் ஒளியில் அளக்கிறோம். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லையென்றால் 1 வரை போகலாமாம். அந்த 'வேறு இல்லையென்றால்' யாருடைய கிணறு என்று உங்களுக்கே தெரியும்.

முதல் தடவை 1-ஐத் தாண்டியது. தாளை எடுத்துக்கிட்டு ஓடப் பார்த்தேன். ஆய்வகத்து அண்ணன் நிறுத்தி, "வெற்றுச் சோதனை எங்கடா?" என்றார். அதே மாதிரிக் குப்பியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி வைத்துச் சோதித்தால் அதுவும் நீலம்! குப்பிகளை நான்தான் சலவைத்தூள் போட்டுப் பளபளன்னு தேய்த்திருந்தேன். அந்தத் தாளோடு போயிருந்தால் எங்கள் மனுவை அங்கேயே கிழித்திருப்பார்கள்.

மறுபடி எடுத்தோம். அமிலத்திலும் ஆல்கஹாலிலும் அலசிய கண்ணாடிக் குப்பிகள். ஆலைக்கு மேலே ஒன்று, ஆலைக்கும் எங்கள் துவைகல்லுக்கும் நடுவில் ஒன்று, கிணற்றில் ஒன்று. ஐஸில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதனை. உப்புத் தண்ணீரும் பொய் நீலம் காட்டும் என்பதால் குளோரோஃபார்மைத் திரும்ப அலசினோம். குளிக்கிற சோப்பு இந்தச் சோதனையில் அகப்படாது என்பதையும் எழுதி வைத்தோம். கிணற்றின் அளவு முன்னைவிடக் குறைந்தது, ஆனாலும் 0.2-க்கு மேலேதான். ஆலைக்கு மேலே நீலம் ஏறக்குறைய இல்லை. துவைகல்லுக்கு வருமுன்பே இருந்தது.

அதிகாரி கேட்டது ஒன்றுதான்: "தண்ணி எடுத்தது யாரு?" நேரம், இடம், குப்பி எண், கூட நின்ற இரண்டு பெண்களின் கையெழுத்து எல்லாம் நோட்டில் இருந்தது. அடுத்த வாரம் அவர்களே குப்பியோடு வந்தார்கள். எங்க அம்மா அவங்களை நிறுத்திக் கேட்டாங்க: "சார், இதை எதால கழுவினீங்க?"